சாயங்காலம் காணாமல் போகும் மூணாவது சில்லர், அடிக்காத ஹூட்டர்

மே 11, இரவு 9.20 (கேள்வி, ஒரு வாசகரிடமிருந்து)

காரைக்குடிக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். மொட்டைமாடியில் 40 டன் ஏர்கூல்டு சில்லர் (ஹால் ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின்) மூணு, கீழே ஆபீசில் கன்ட்ரோல் பேனல். இடையில் மாட்பஸ் (மெஷின்கள் பேசிக்கிற மொழி), ஆர்.எஸ்-485 (அது ஓடற ரெண்டு ஒயர் லைன்), 9600 வேகம். பகல் முழுக்க மூணு சில்லரும் பேனலில் தெரியுது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் மூணாவது மட்டும் விட்டுவிட்டு காணாமல் போகுது, ராத்திரி 11 மணிக்குத் தானா வந்துடுது. போன முகூர்த்தத்தில் ரெண்டாவது சில்லர் ஹை பிரஷரில் டிரிப் ஆகி நின்னு போச்சு. ஹூட்டர் (அலாரம் ஒலிப்பான்) அடிக்கலை. பந்தியில் உட்கார்ந்தவங்க விசிறியைத் தேடின பிறகுதான் தெரிஞ்சுது. மூணாவதோட கம்யூனிகேஷன் போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா அண்ணே? வைகாசி முகூர்த்தம் வரிசையா இருக்கு.

மே 11, இரவு 10.05

போர்டை மாத்தாதீங்க தம்பி. செத்த போர்டு பகலில் பேசாது. பகலில் பேசி ராத்திரியில் திணறுதுன்னா லைன் விளிம்பில் நிக்குதுன்னு அர்த்தம். சாயங்காலம் ஏதோ ஒன்னு ஓட ஆரம்பிச்சதும் அந்த விளிம்பைத் தாண்டிடுது.

உங்க கேள்வியில் ரெண்டு பழுது இருக்கு. மூணாவது சில்லர் மறையறது நெட்வொர்க் பழுது. ஹூட்டர் அடிக்காதது அலாரம் ரிலே (சின்னக் கரண்டில் இழுத்து விடற சுவிட்ச்) பழுது. ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் சம்பந்தமில்லை, சம்பந்தம் இருக்கவும் கூடாது. தண்ணீர் எத்தனை டிகிரியில் போகுதுன்னு பார்க்கத்தான் நெட்வொர்க். மெஷின் நின்னா ஆளைக் கூப்பிட அதுக்குன்னே தனி ஜோடி ஒயர் வேணும். பேனல் திரையில் சிவப்பு எழுத்து வரும்னு நம்பி அலாரம் ஒயரை இழுக்காமல் விடற வேலை இந்தப் பக்கம் நிறைய நடக்குது. லைன் அறுந்தால் அந்தத் திரை கடைசியா வந்த 7.2 டிகிரியைக் காட்டிக்கிட்டே சும்மா நிக்கும்.

நாளைக் காலையில் ரெண்டு அளவு எடுங்க. முதல்ல மூணு சில்லரின் கன்ட்ரோல் சப்ளையும் பேனல் சப்ளையும் ஆஃப். பேனல் பக்கம் பிளஸ், மைனஸ் ரெண்டு ஒயருக்கும் நடுவில் மீட்டரை ஓம்ஸில் வைங்க. 60-லிருந்து 65 வந்தால் நல்லது. அடுத்து எல்லாத்தையும் ஆன் பண்ணி, பேனல் கேள்வி கேட்கறதை மட்டும் நிறுத்தி வெச்சு, அதே ரெண்டு ஒயரில் டிசி வோல்ட் பாருங்க. 0.2-க்கு மேல் இருக்கணும். மாடியில் இருக்கிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து ஒரு போட்டோவும் போடுங்க.

மே 12, காலை 7.40

ஓம்ஸ் 40.6, வோல்ட் 0.17. போட்டோவும் பார்த்தேன். நோயே இதுதான்.

ஆபீசிலிருந்து வர்ற ஒரே ஒயர் பாக்ஸுக்குள் போய், அங்கிருந்து மூணு கிளையா பிரிஞ்சு மூணு சில்லருக்கும் போகுது. இதுக்குப் பேர் ஸ்டார், இது வேண்டாம். நாலு ஒயரின் பிளஸையும் முறுக்கி ஒரே கனெக்டரில் திணிச்சிருக்காங்க. ஓரத்தில் ரெண்டு இழை வெளியே நீட்டிக்கிட்டு மைனஸ் ஸ்க்ரூவைத் தொடப் போகுது, உங்க போட்டோவில் இடது கீழ் மூலையில் பாருங்க. கிளாண்ட் இல்லாத ஓட்டை வழியா எறும்பு மண் உள்ளே வந்திருக்கு.

40 ஓம் எப்படி வருது? 120 ஓம் டெர்மினேஷன் (எதிரொலி வராமல் லைன் நுனியில் போடற ரெசிஸ்டர்) ரெண்டு இருந்தால் 60. மூணு இருந்தால் 40. மூணு சில்லர் போர்டிலும் டெர்மினேஷன் டிப் சுவிட்ச் ஆனில் இருக்கு. ஒவ்வொரு சில்லரையும் கமிஷன் பண்ணின ஆள் இதுதான் கடைசி மெஷின்னு நினைச்சு ஆன் பண்ணிட்டுப் போயிருக்கணும்.

வோல்ட் கணக்கும் இதோடு ஒத்துப்போகுது. உங்க பேனல் கார்டில் பயாஸ் ரெசிஸ்டர் (யாரும் பேசாதப்போ லைனை ஒரு நிலையில் பிடிச்சு வைக்கிறது) மேலே 560, கீழே 560, சப்ளை 5 வோல்ட். நடுவில் 60 ஓம் இருந்தால் 5 × 60 ÷ 1180, அதாவது 0.25 வோல்ட். 40 ஓம் இருந்தால் 5 × 40 ÷ 1160, அதாவது 0.17. பிளஸுக்கும் மைனஸுக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ரிசீவர் அதை உறுதியா 1 அல்லது 0-ன்னு எடுத்துக்கும். அதுக்குக் கீழே ரெண்டுங்கெட்டான். யாரும் பேசாத நேரத்தில் லைன் 0.17-ல் தொங்கினால், பக்கத்து ஒயரில் ஒரு சின்னச் சலனம் வந்தாலே ரிசீவர் அதை ஸ்டார்ட் பிட்டுன்னு (செய்தி தொடங்குதுன்னு) நினைச்சுக்கும், அடுத்து வர்ற உண்மையான பாக்கெட் கெடும்.

1, 2 சில்லர்களில் டிப் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. 3-ல் ஆனில் இருக்கட்டும். பேனல் டெர்மினலில் 120 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்னு. மறுபடி அளந்து சொல்லுங்க.

மே 12, மதியம் 1.15

ஸ்டார் வேண்டாம்னா எப்படி இழுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

ஆபீசிலிருந்து 1-க்கு, 1-லிருந்து 2-க்கு, 2-லிருந்து 3-க்கு. பூ கட்டற மாதிரி ஒரே நாரில் வரிசையா வரணும். ஒயரை மாத்தாமலே செய்யணும்னா பாக்ஸிலிருந்து 1, 2 ரெண்டுக்கும் இன்னொரு ஜோடி இழுத்து, போயிட்டுத் திரும்பி வர்ற மாதிரி பண்ணுங்க. 3-க்குப் போறது மட்டும் ஒத்தை ஜோடி. சில்லர் டெர்மினலில் வர்ற ஒயர், போற ஒயர் ரெண்டையும் ஒரே இரட்டை பெர்ரூலில் (ஒயர் நுனியில் மாட்டற உலோகக் குழல்) போட்டு அழுத்துங்க. ரெண்டு பல இழை ஒயரை அப்படியே ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழே வெச்சு முடுக்கினால், கம்ப்ரசர் அதிர்வில் ஆறு மாசத்தில் ஒன்னு தளர்ந்துடும்.

இப்போ போட்டிருக்கிறது 1 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் லைட்டிங் ஒயர். அதில் முறுக்கு இல்லை, ஷீல்டும் (ஒயரைச் சுத்தி வர்ற உலோக உறை) இல்லை. வரப் போற முகூர்த்தம் வரை இது ஓடட்டும். ஆடியில் மண்டபம் காலியாத்தானே இருக்கும், அப்போ முழுசா மாத்துங்க. வாங்க வேண்டியது 120 ஓம் இம்பிடன்ஸ், ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி, 22 அல்லது 24 கேஜ். ஒரு ஜோடியும் கூட ஒரு தனி ஒயரும் இருக்கிற ரகம் கிடைச்சால் அதையே எடுங்க. மூணாவது ஒயர் எதுக்குன்னு அப்புறம் எழுதறேன்.

மே 12, இரவு 8.50 (மதியம் எழுதியதுக்குத் திருத்தம்)

ஸ்டாரைப் பத்தி எழுதினதைப் படிச்சால் அதுவே நேரடிக் குற்றவாளி மாதிரி இருக்கு. அது சரியில்லை. 9600 வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோசெகண்ட். 20 மீட்டர் கிளையில் சிக்னல் போய் மோதித் திரும்ப ஏறக்குறைய 0.2 மைக்ரோசெகண்ட் போதும். பிட்டின் நடுவில் ரிசீவர் பார்க்கற நேரத்துக்குள் அந்த எதிரொலி எப்பவோ அடங்கியிருக்கும். அதனால்தான் நாட்டில் எத்தனையோ ஸ்டார் லைன்கள் 9600-ல் தடையில்லாமல் ஓடுது.

அப்படியும் ஸ்டார் வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் உண்டு. ரெண்டு முனை இருக்கிற லைனில்தான் டெர்மினேஷனுக்குன்னு இடம் இருக்கு. மூணு நுனி இருந்தால் எந்த ரெண்டில் போடுவீங்க? மூணிலும் போட்டால் 40 ஓம், உங்க கதை. வேகத்தைக் கூட்டினால் எதிரொலியும் தலைகாட்டும். பழுது பார்க்கும்போதும் வரிசை லைனில் பாதியில் கழட்டி எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கலாம், ஸ்டாரில் அந்த வசதி கிடையாது.

மே 13, காலை 6.30

தேவகோட்டை வாசகர் ஒருத்தர் கேட்டது: ஒரு மெஷினில் ஏ, பி-ன்னு இருக்கு, இன்னொன்னில் பிளஸ், மைனஸ்னு இருக்கு, எது எது?

எழுத்தை நம்பாதீங்க. ஆர்.எஸ்-485 தர ஆவணத்தின்படி லைன் சும்மா இருக்கும்போது பி-யில் வோல்ட் அதிகம், அதாவது பி தான் பிளஸ். ஆனால் நிறைய சிப் தயாரிப்பாளர்கள் ஏ-வைத்தான் பிளஸ்னு அச்சடிக்கறாங்க. அந்தந்த போர்டை லைனில் சேர்க்காமல் தனியா ஆன் பண்ணி மீட்டர் வைங்க. பயாஸ் இருக்கிற போர்டுன்னா எது அதிகமோ அது பிளஸ். பயாஸ் இல்லாத போர்டில் மீட்டர் எதையும் உறுதியா காட்டாது. அப்போ ஒருதடவை மாத்திப் போட்டுப் பாருங்க. ஆர்.எஸ்-485-ல் பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு எரியாது, பேசாது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் இருக்கிற 24 வோல்ட் ஏசி டெர்மினலில் தவறிப் போட்டால் அந்த நிமிஷமே முடிஞ்சுது.

மே 13, இரவு 9.30

ஷீல்டு. ஒரு முனையில் மட்டும் எர்த், பேனல் பக்கம். ஒவ்வொரு சில்லரிலும் வர்ற ஷீல்டையும் போற ஷீல்டையும் சேர்த்து முறுக்கி, ஸ்லீவ் போட்டு மூடி விடுங்க. சில்லர் பாடியில் எங்கேயும் படக்கூடாது. கடைசி சில்லரில் ஷீல்டை வெட்டி டேப் சுத்திடுங்க. ரெண்டு பக்கமும் எர்த் பண்ணினால் மாடி எர்த்துக்கும் ஆபீஸ் எர்த்துக்கும் இருக்கிற வித்தியாசம் ஷீல்டு வழியா ஓட ஆரம்பிக்கும்.

மூணாவது ஒயர் வேற வேலைக்கு. ஆர்.எஸ்-485 ரெண்டு ஒயரில் பேசுதுன்னு சொன்னாலும், ஒவ்வொரு ரிசீவரும் தன் சொந்த ஜீரோவிலிருந்து பார்க்கும்போது லைன் −7-க்கும் +12 வோல்ட்டுக்கும் நடுவில்தான் இருக்கணும். ரெண்டு போர்டின் ஜீரோவும் அதுக்கு மேல் விலகினால் சிப் போகும். காமன்னு போட்ட டெர்மினல்களை மூணாவது ஒயரால் கோர்க்கணும். ஷீல்டையே காமனா பயன்படுத்தறவங்க உண்டு. அது வேண்டாம், ஷீல்டு பிடிச்ச இரைச்சலை எல்லா போர்டுக்கும் ஊட்டற வேலை அது.

மே 14, இரவு 10.10

இப்போ அலாரம். இதைத்தான் நீளமா எழுதணும்.

உங்க ரெண்டாவது சில்லரின் அலாரம் ரிலே, 230 வோல்ட் ஹூட்டரை நேரடியா ஓட்டுது. போர்டு மேல் இருக்கிற அந்தச் சின்ன ரிலேயில் 5 ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கும். அது ஹீட்டர் மாதிரி ரெசிஸ்டிவ் லோடுக்கு. காயில் (கம்பிச் சுருள்) இருக்கிற ஹூட்டருக்கும் கான்டாக்டருக்கும் அளவு ரொம்பக் குறைவு. காண்டாக்ட் திறக்கற ஒவ்வொரு தடவையும் காயில் ஒரு பொறியை அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா முகம் கருகும், குழி விழும், ஒரு நாள் மூடினாலும் கரண்ட் போகாது. இல்லைன்னா உருகி ஒட்டிக்கும். நாளைக்கு ஹூட்டருக்கு வர்ற 230 வோல்ட் சப்ளையை மட்டும் எடுத்துட்டு அந்த ரிலேயின் காமனுக்கும் என்.ஓ-வுக்கும் (ரிலே இழுக்கும்போது மூடற காண்டாக்ட்) நடுவில் மீட்டர் வைங்க. அலாரம் இருக்கும்போது 1 ஓமுக்குள் காட்டணும். பல நூறு ஓம் காட்டினால் கருகினது உறுதி.

செய்ய வேண்டியது இது. ஆபீஸ் பேனலில் 24 வோல்ட் டிசி எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) ஒன்னு, கூடவே சின்ன பேட்டரி. ஒவ்வொரு சில்லருக்கும் சாக்கெட்டோடு ஒரு 24 வோல்ட் ரிலே, எல்.இ.டி. உள்ளது. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளை வளையம் பிளஸ் பக்கம். 24 வோல்ட் சில்லர் அலாரம் காண்டாக்ட் வழியா போய்த் திரும்பி வந்து இந்த ரிலேயை இழுக்கணும். ஹூட்டர், விளக்கு எல்லாம் இந்த ரிலேயின் காண்டாக்டில்.

230 வோல்ட் ஏசி காயில் ரிலே போட்டால் என்ன? 80 மீட்டர் நீளத்துக்கு பவர் ஒயரோடு ஒட்டிப் போகற ஏசி ஒயரில், காண்டாக்ட் திறந்திருந்தாலும் பக்கத்து ஒயரிலிருந்து வோல்ட் ஏறும். சின்ன ரிலேயை விடாமல் பிடிச்சு வைக்க அதுவே போதும். டிசியில் இந்தத் தொல்லை இல்லை. வோல்ட் டிராப் கவலையும் வேண்டாம்: 1 சதுர மி.மீ. செம்பு கிலோமீட்டருக்கு 18 ஓம், போக வர 160 மீட்டர், கிட்டத்தட்ட 3 ஓம். 30 மில்லிஆம்பியர் காயிலுக்கு 0.1 வோல்ட் கூட விழாது.

அடுத்து, எந்தப் பக்கம் போடறது. எல்லாம் நல்லா இருக்கும்போது ரிலே இழுத்துக்கிட்டு இருக்கணும், கோளாறு வந்தால் விடணும். அப்போதான் ஒயர் அறுந்தாலும் அலாரம் அடிக்கும். அதனால் சில்லரின் என்.சி. (ரிலே விட்ட நிலையில் மூடியிருக்கிற) காண்டாக்டை எடுங்க. உங்க ரிலேயின் என்.சி.யை ஹூட்டருக்குக் கொடுங்க. மூணு ரிலேயின் என்.சி.யும் பேரலலா ஒரே ஹூட்டருக்கு, விளக்கு மட்டும் தனித்தனியா.

மே 15, காலை 8.00 (நேத்து எழுதியதில் ஒரு ஓட்டை)

பள்ளத்தூரிலிருந்து ஒரு அண்ணன் சுட்டிக்காட்டினது முழுக்கச் சரி. சில்லர் போர்டு ரிலே கோளாறு வரும்போது இழுக்கற வகைன்னா, அதன் என்.சி.யை எடுத்தால் ஒயர் அறுந்தது தெரியும், டிரிப் ஆனது தெரியும். ஆனால் போர்டுக்கே சப்ளை போயிட்டால்? ரிலே விட்ட நிலையிலேயே இருக்கும், என்.சி. மூடியிருக்கும், கீழே எல்லாம் நலம்னு காட்டும். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் பியூஸ் போய் சில்லர் செத்துக் கிடக்கும்போது ஹூட்டர் அடிக்காது. நேத்து எழுதினதை அப்படியே செஞ்சவங்க தயவுசெய்து இதைச் சேர்த்துக்குங்க.

ரெண்டு வழி இருக்கு. சில கன்ட்ரோலரில் அலாரம் ரிலேயை 'நார்மலில் இழுத்திருக்கும்' நிலைக்கு மாத்த செட்டிங் இருக்கும். இருந்தால் அதை மாத்தி, என்.ஓ. காண்டாக்டை எடுங்க. எல்லாக் கோளாறும் ஒரே காண்டாக்டில் வந்துடும். செட்டிங் இல்லைன்னா கன்ட்ரோல் சப்ளையில் ஒரு சின்ன ரிலே போட்டு அதன் என்.ஓ.வையும், பேஸ் பெயிலியர் ரிலேயின் நல்ல நிலை காண்டாக்டையும், அலாரம் என்.சி.யோடு சீரீஸில் கோருங்க. மூணில் எது திறந்தாலும் கீழே ரிலே விழும்.

மே 15, மதியம் 3.20

"கரண்ட் போகும்போதெல்லாம் அடிக்குமே, மண்டபக்காரர் ஒரே வாரத்தில் ஹூட்டர் ஒயரை அறுத்துடுவார்"னு ஒரு வாசகர். உண்மை. ஊர்ப்பக்க ஹூட்டர்கள் பாதி இப்படித்தான் ஊமையாகுது.

ஹூட்டருக்கு முன்னால் ஆன்-டிலே டைமர் ஒன்னு போடுங்க. எவ்வளவு நேரம்? ஜெனரேட்டர் எடுத்து மாறற நேரம், கூட சில்லர் கன்ட்ரோலர் பூட் ஆகற நேரம். ரெண்டையும் கடிகாரம் வெச்சு அளங்க. 20 வினாடியும் 45 வினாடியும் வந்தால் டைமரை 90-ல் வைங்க. சரியா 65-ல் வெச்சால் ஜெனரேட்டர் ஒரு நாள் மெதுவா எடுக்கும்போது அடிச்சுடும். விளக்குக்கு டைமர் வேண்டாம், அது உடனே எரியட்டும். 7 டிகிரியில் போய் 12-ல் திரும்பற தண்ணீர் குழாய் முழுக்க இருக்கு. 90 வினாடியில் ஹால் சூடாகாது.

மியூட் பட்டன் ஹூட்டரை மட்டும் நிறுத்தணும். விளக்கு கோளாறு தீர்ற வரை எரியணும். ஒரு சில்லருக்கு மியூட் அழுத்தின பிறகு இன்னொன்னு டிரிப் ஆனால் ஹூட்டர் திரும்ப அடிக்கணும். இதை வெறும் ரிலேயில் செய்யறதை விட, ரெடிமேடா கிடைக்கிற 4 விண்டோ அனன்சியேட்டர் (எந்த மெஷின் அலாரம்னு விளக்கில் காட்டற பெட்டி) வாங்கிடுங்க. அதன் இன்புட் திறந்தால் அலாரமா, மூடினால் அலாரமான்னு தேர்ந்தெடுக்க வழி இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க.

மே 16, இரவு 9.00

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியா மாத்தறாங்களாம். சில்லர் பின்கட்டுக்குப் பின்னால் தோட்டத்தில், ரிசப்ஷன் முகப்பில். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியுது. சுண்ணாம்புச் சுவரைக் கொத்தக் கூடாது, ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கக் கூடாதுன்னு ஆச்சி கண்டிப்பா சொல்லிட்டாங்களாம்.

ஆச்சி சொல்றதுதான் சரி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச அந்தப் பூச்சைக் கொத்தினால் அதே பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைக்கறது கஷ்டம். கல்லைப் பெயர்த்தால் பழைய நிறத்துக்குப் புதுக் கல் பொருந்தாது. மேல் வழியா போங்க. வளவை (நடு முற்றத்தை) சுத்தி இருக்கிற கூரைக்கு மேலே, கைப்பிடிச் சுவரின் உள்பக்கமா ஜி.ஐ. கன்டியூட். பி.வி.சி. வேண்டாம். இந்த வெயிலில் நாலஞ்சு வருஷத்தில் பொரிஞ்சுடும், அதுக்கு முன்னாடி அணில் கடிச்சுடும். கீழே இறங்கற இடத்தில் தேக்குத் தூணில் ஆணி அடிக்காதீங்க, நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற பழைய மின்சார மரப்பட்டை வழியா இறக்குங்க. அந்தப் பட்டையில் 230 வோல்ட் ஓடினால் அதை வேற பக்கம் மாத்தின பிறகுதான்.

அந்த நீளத்துக்கு ஆர்.எஸ்-485 தாராளமா போகும், தரத்தின்படி 1200 மீட்டர் வரை. என் கவலை இடி. சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசியிலும் இங்கே விழற இடிக்கு, திறந்த வெளியில் போகற செம்பு ஒயர் அழைப்பு மாதிரி. தோட்டத்துச் சில்லருக்கும் முகப்புக்கும் தனித்தனி எர்த் பிட் வேற. அங்கே ரெண்டு மீடியா கன்வெர்ட்டர் வெச்சு நடுவில் ஃபைபர் போடுங்க. ஃபைபரில் இடி ஏறாது, எர்த் வித்தியாசமும் கடக்காது. இரும்புக் கவசம் இல்லாத ஃபைபரா வாங்குங்க, கவசம் இருந்தால் அதுவே ஒயரா ஆயிடும்.

அலாரம் ஜோடி செம்பாத்தான் போகணும். ரெண்டு முனையிலும் 24 வோல்ட்டுக்கான சர்ஜ் புரொடெக்டர். அதன் எர்த் ஒயர் அரை மீட்டருக்குள், வளைவில்லாமல். ரெண்டு மீட்டர் சுத்தி இழுத்தால் புரொடெக்டர் இருந்தும் பயன் இல்லை.

மே 17, காலை 7.10

எர்த் பத்தி இன்னும் கொஞ்சம். நம்ம பக்கம் செம்மண், கீழே செம்புறாங்கல். கோடையில் ஊருணி வத்தும்போது எர்த் பிட்டும் காயும். மார்கழியில் அளந்து 2 ஓம்னு எழுதி வெச்ச பிட் மே மாசம் பல மடங்கு காட்டலாம். சர்ஜ் புரொடெக்டர் போடறவங்க காஞ்ச மாசத்தில்தான் எர்த் டெஸ்டர் வெச்சு அளக்கணும். பிட்டுக்குத் தண்ணீர் ஊத்தற குழாய் அடைஞ்சிருக்கான்னும் பாருங்க. மண்டபத்துத் தோட்டக்காரர்கிட்ட சொன்னால் வாரம் ரெண்டு குடம் ஊத்திடுவார்.

மே 18, இரவு 10.30

கேட்ட தம்பி அளவு அனுப்பியிருக்கார். 61.2 ஓம், 0.25 வோல்ட். ஆனால் ஏழு மணிக்கு மூணாவது சில்லர் மறுபடி ரெண்டு தடவை போச்சாம். முன்னாடி இருபது முப்பது தடவை போனது ரெண்டாகியிருக்கு, இருந்தாலும் தீரலை.

சாயங்காலம் என்ன ஓடுதுன்னு பட்டியல் கேட்டிருந்தேன். ரிசப்ஷனுக்கு 6 மணிக்கு ரெண்டு ஏ.எச்.யூ. (ஹாலுக்குக் குளிர்காத்தை ஊதற மெஷின்) ஆன் ஆகுது, ரெண்டிலும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாத்தற கருவி). மாடிக்குப் போற கேபிள் ட்ரே போட்டோவைப் பாருங்க. வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போற கேபிளும் கம்யூனிகேஷன் ஒயரும் 25 மீட்டர் ஒட்டிக்கிட்டு, ஒரே டையில் கட்டிப் போகுது. வி.எஃப்.டி. வெளியீட்டுக் கேபிள் மாதிரி இரைச்சல் கட்டடத்தில் வேற எதுவும் கிடையாது. ஷீல்டும் முறுக்கும் இல்லாத லைட்டிங் ஒயர் அதை அப்படியே வாங்கிக்கும். ரெண்டு ஒயரும் சமமா வாங்கினால் ரிசீவர் கழிச்சுடும், முறுக்கறதே அதுக்குத்தான். முறுக்கில்லாத ஒயரில் கிட்ட இருக்கிற ஒயர் அதிகம் வாங்கும், மத்தது குறைவா வாங்கும். கழிச்சாலும் மீதி நிக்கும்.

டையை வெட்டி, கம்யூனிகேஷன் ஒயரை ட்ரேயிலிருந்து எடுத்து 300 மி.மீ. தள்ளித் தனியா கட்டுங்க. குறுக்கே கடக்கணும்னா நேர்க்கோணத்தில் கடக்கட்டும். மோட்டார் கேபிளின் ஷீல்டு வி.எஃப்.டி. பக்கமும் மோட்டார் பக்கமும் எர்த் ஆகியிருக்கான்னு பாருங்க. அந்த ஷீல்டுக்கு ரெண்டு பக்கமும் எர்த் வேணும், நம்ம கம்யூனிகேஷன் ஷீல்டுக்கு நேர் எதிர்.

மே 19, காலை 9.45

இடையில் வந்த சில கேள்விகள், வேகமா.

மைனஸ் 5 டிகிரி பிரைன் சில்லர் பேனலில் 6548.6 காட்டுதாம். ரெஜிஸ்டரில் (போர்டு ஒரு மதிப்பை வைக்கிற எண்ணிட்ட இடம்) வர்றது 65486. அதை சைன்டு 16 பிட்டா எடுத்தால் −50, பத்தால் வகுத்தால் −5.0. பேனலில் டேட்டா டைப்பை மாத்தினால் போதும்.

எல்லா மதிப்பும் ஒரு இடம் தள்ளி வருதுன்னு இன்னொருத்தர். கையேட்டில் 40001-ன்னு போட்டிருக்கிறது லைனில் 0-ன்னு போகும். உங்க பேனல் எந்தக் கணக்கில் கேட்குதுன்னு பாருங்க. எதுவுமே வரலைன்னா ஃபங்ஷன் 03-க்குப் பதில் 04 முயற்சி பண்ணுங்க.

பேனல் டைம்-அவுட் எவ்வளவு வைக்கறது? 9600-ல் ஒரு எழுத்துக்கு 11 பிட், 1.15 மில்லிசெகண்ட். 10 ரெஜிஸ்டர் கேட்டால் போறது 8 எழுத்து, வர்றது 25. லைனிலேயே 38 மில்லிசெகண்ட் போயிடும். சில்லர் போர்டு யோசிக்கற நேரம் தனி. டைம்-அவுட் 50-ல் வெச்சுட்டு சில்லரைக் குறை சொல்லக் கூடாது, 500-ல் தொடங்குங்க.

மாட்பஸுக்குப் பதில் பாக்நெட் எம்.எஸ்.டி.பி.ல் (அதே மாதிரி ஒயரில் ஓடற இன்னொரு மொழி) ஓட்டறவங்களுக்கு: மாஸ்டர் முகவரி 0-லிருந்து 127 வரை. இடைவெளி விடாமல் அடுத்தடுத்து கொடுங்க, மேக்ஸ் மாஸ்டரை கடைசி முகவரிக்குக் கொஞ்சம் மேலே வைங்க. 127-லேயே விட்டால் இல்லாத மெஷினைத் தேடிக்கிட்டு லைன் நேரம் வீணாகும்.

மே 20, இரவு 11.40

ட்ரேயிலிருந்து பிரிச்ச பிறகு ரெண்டு ரிசப்ஷன் முடிஞ்சுது, மூணாவது ஒரு தடவை கூட மறையலைன்னு தம்பி எழுதியிருக்கார். போர்டு பழசேதான். ரெண்டாவது சில்லரின் அலாரம் காண்டாக்ட் 340 ஓம் காட்டியிருக்கு. கழட்டிப் பார்த்தால் மூடி உள்பக்கம் கரி, ஒரு காண்டாக்ட் முகம் பாதி தேய்ஞ்சு வெளிர் நீலமா. அந்த ரிலேயை மட்டும் மாத்தினால் போதும், முழு போர்டு வேண்டாம். சால்டர் வேலை தெரிஞ்ச ஆள் இல்லைன்னா, அதே போர்டில் உபயோகமில்லாமல் இருக்கிற ஸ்பேர் ரிலேக்கு அலாரத்தை மாத்தித் தர கன்ட்ரோலர் செட்டிங்கில் வழி இருக்கான்னு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. ரிமோட் ஸ்டார்ட், ஃப்ளோ சுவிட்ச் டெர்மினல்களுக்கு வெளியிலிருந்து எந்த வோல்ட்டும் கொடுக்காதீங்க. அதில் சில்லரே தன் வோல்ட்டை வெச்சிருக்கும், வெறும் காண்டாக்டைத்தான் கேட்குது. அங்கே தங்க முலாம் காண்டாக்ட் உள்ள ரிலே போடுங்க. பெரிய லோடுக்கான வெள்ளிக் காண்டாக்ட் அந்த சில மில்லிஆம்பியரில் படலம் கட்டி, ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் இழுக்காது.

மே 22, காலை 6.50

சோதிச்சுப் பார்க்கறது எப்படின்னு கடைசியா கேட்டிருக்கீங்க. முகூர்த்தத்துக்கு முந்தின நாள், ஒவ்வொரு சில்லருக்கும் மூணு சோதனை. கன்ட்ரோலர் மெனுவில் அலாரம் டெஸ்ட் இருந்தால் அதை அழுத்துங்க. அலாரம் ஒயரை ஒரு பக்கம் கழட்டுங்க. கன்ட்ரோல் பியூஸை எடுங்க. மூணுக்கும் கீழே விளக்கு உடனேயும், 90 வினாடியில் ஹூட்டரும் வரணும். மூணாவது சோதனையைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி லேமினேட் பண்ணி ஒட்டுங்க: சில்லர் முகவரி 1, 2, 3. 9600, ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப். டெர்மினேஷன் பேனலிலும் 3-லும் மட்டும். லைன் 61 ஓம், 0.25 வோல்ட், மே 18 அளந்தது. ஷீல்டு ஒயர் வந்ததும் அதன் எர்த் இந்தப் பேனலில் மட்டும். ஹூட்டர் டைமர் 90 வினாடி. ஆடியில் புது ஒயர் போட்டதும் ஓம்ஸும் வோல்ட்டும் மறுபடி அளந்து அந்த வரியை மாத்தி எழுதுங்க.